ரத்தம் மட்டும்தான் வந்ததா?

நம்பிக்கை: “கட்டியில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வெறும் ரத்தம்தான் வந்ததாம். அப்படியானால் புற்றுநோய் இல்லை.”

உண்மை: ஆஞ்சியோசார்கோமா போன்ற ரத்தக்குழாய்ப் புற்றுநோய்களைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான நிம்மதி வேறில்லை. குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் எண்டோதீலியல் செல்களே இங்கே புற்றாகின்றன. உருக்குலைந்த பிறகும் அவை பழைய தொழிலை மறப்பதில்லை. தாறுமாறாகக் குழாய்களைக் கட்டி ரத்தத்தைத் தேக்கிக்கொள்கின்றன. ஊசி போனதும் ரத்தம் பொங்குவது அதனால்தான். ஸ்லைடு முழுக்கச் சிவப்பணுக்கள்; நடுவில் எங்கோ ஓரிரு கொத்துப் புற்றுச்செல்கள். சிலசமயம் அதுவும் இராது. ‘போதிய செல்கள் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் இன்னும் விடை கிடைக்கவில்லை என்றுதான் பொருள். முதியவரின் தலைத்தோலில் அடிபட்டதுபோல் கன்றிப் பரவும் திட்டு, மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற தோலில் பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் ஊதாத் தடிப்பு, மார்பக அறுவைக்குப் பின் வருடக்கணக்கில் வீங்கியே இருக்கும் கை ஆகிய இடங்களில் ஆஞ்சியோசார்கோமாவை நினைத்தே ஆகவேண்டும். வீங்கிய கையில் அது வருவதை மருத்துவர்கள் ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் 1948-லேயே எழுதிவிட்டார்கள். மறுபடி ஊசி, தேவைப்பட்டால் சதைத்துண்டு பயாப்சி என்று விடாமல் கேளுங்கள்.

நம்பிக்கை: “மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே என்ன புற்று என்று தெரிந்துவிடும்.”

உண்மை: புற்று என்று தெரியலாம். எந்தப் புற்று என்பதில்தான் கண் ஏமாறும். 1982-ல் வெய்ஸும் என்சிங்கரும் விவரித்த எபிதீலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா என்ற ரத்தக்குழாய்ப் புற்றில் செல்லுக்குள் ஒரு குமிழி தெரியும். சளி சுரக்கும் அடினோகார்சினோமாவிலும் அதே போன்ற குமிழி உண்டு. குமிழிக்குள் ஒரு சிவப்பணு சிக்கியிருந்தால், தனி ஒரு செல் ரத்தக்குழாயாக முயன்ற தடயம் அது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத காட்சி. எபிதீலியாய்டு ஆஞ்சியோசார்கோமாவோ, கார்சினோமாவின் அடையாளமாகக் கருதப்படும் கெரட்டின் சாயத்தையும் பல நேரம் ஏற்கும். அதோடு நிறுத்தினால் கார்சினோமா என்று முத்திரை விழும், சிகிச்சையும் தடம் மாறும். ஆகவே எண்டோதீலியல் செல்களை அடையாளம் காட்டும் சிடி31, ஈஆர்ஜி சாயங்கள் வேண்டும். ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா என்று சந்தேகம் வந்தால் கேம்டா1 சாயமும் வேண்டும். இத்தனைக்கும் செல் வேண்டுமே! ஊசியில் எஞ்சியதைக்கூட வீணாக்காமல் மெழுகில் பதித்து ‘செல் பிளாக்’ செய்துவைப்பது அதற்காகத்தான்.

நம்பிக்கை: “ஊசி பட்டால் புற்று பரவிவிடும்.”

உண்மை: ஊசித்தடத்தில் புற்று முளைப்பது மிக அரிது. கல்லீரல் ஆஞ்சியோசார்கோமாவில் ரத்தக்கசிவுதான் மெய்யான கவலை. ரத்தம் உறையும் திறனை முன்பே சோதிப்பதும், ஸ்கேன் பார்த்தபடி ஊசி செலுத்துவதும் அதனால்தான்.

நம்பிக்கை: “ஸ்லைடு பார்ப்பவருக்குப் பழைய கதை எதற்கு?”

உண்மை: அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. பிளாஸ்டிக் தயாரித்த ஆலையொன்றின் தொழிலாளர்களுக்கு கல்லீரல் ஆஞ்சியோசார்கோமா வந்திருந்தது 1974-ல் வெளிப்பட்டது. இவ்வளவு அரிய நோய் ஒரே ஆலையில் எப்படி என்று கேட்டபோதுதான் அவர்கள் சுவாசித்த வினைல் குளோரைடு வாயு பிடிபட்டது. ஸ்லைடு பார்ப்பவரையும் சரியான நோயை நினைக்கவைப்பது இப்படிப்பட்ட பழைய கதைதான். ஆகவே பார்த்த வேலை, பெற்ற கதிர்வீச்சு, எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்பதையெல்லாம் ஊசிக்குப் போகும்போதே ஒரு தாளில் எழுதி, மாதிரியோடு லேபுக்குப் போகச் செய்யுங்கள்.