ஆசிரியர் உள்ளம் சோர்வதேன்?

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் நாளை ஆசிரியப் பணி ஏற்க இருப்பவர்கள். அப்பணியில் உள்ளம் சோர்வதற்குக் காரணம் யாது, மருந்து யாது என்று ஆராய்தல் நம் கடமையாகும்.

களைப்பு வேறு, உளச்சோர்வு வேறு. களைப்பு ஓர் இரவு உறங்கினால் நீங்கும். உளச்சோர்வோ விடுமுறை கழிந்தும் நீங்காது. அமெரிக்க உளநூலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் 1974-இல் இதனைப் பற்றி எழுதினார். பின்னர்க் கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்களை வகுத்தார்: ஆற்றல் வறண்டு போதல், யாருக்காக உழைக்கிறோமோ அவர்களிடமே பற்றற்றுப் போதல், 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்னும் எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதனை நோய் என்னாது, பணியிடத்து அழுத்தம் நீடிப்பதால் வரும் நிலை என்றது. காரணம் பணியிடத்தில் இருக்க, ஆசிரியரை மட்டும் 'பொறுத்துக்கொள்' என்று தேற்றிப் பயன் என்ன?

கொச்சியின் மட்டாஞ்சேரியைப் பாருங்கள். மலையாளத்தோடு கொங்கணி, தமிழ், குஜராத்தி வழங்கும் ஊர் அது. வீட்டுமொழி வேறுபட்ட பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தால், ஒரே பாடத்தைப் பல வழியில் விளக்க வேண்டும். கடினந்தான், ஆனால் விளங்கிக்கொண்ட பிள்ளை எழுந்து விடை சொன்னால் பட்ட பாடு மறந்துபோகும். உள்ளத்தை அரிப்பவை வேறு. முடிவில்லாப் பதிவேடுகள், வீடுவரை துரத்தும் கைப்பேசிச் செய்திகள், நிலையற்ற வேலை ஆகியவையே அவை.

வேலை நிலைபெறுவது எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் கேரளமே சான்று. தனியார் பள்ளி ஆசிரியர் நிர்வாகியின் தயவை நம்பி வாழ்ந்த காலம் ஒன்றிருந்தது. கல்லூரிப் பேராசிரியராயிருந்து கல்வி அமைச்சரான ஜோசப் முண்டசேரி 1957-இல் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது உச்ச நீதிமன்றத்தின் ஆய்வுக்குச் சென்று, திருத்தம் பெற்று, 1959-இல் நடைமுறைக்கு வந்தது. உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளம் சட்டத்தின் காவல் பெற்றது. எனினும் இன்றும் புது நியமனத்துக்கு அரசின் ஒப்புதல் தாமதித்தால் சம்பளமும் தாமதிக்கிறது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் உதவி நீங்கலாகப் பிற வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. பாட ஆயத்தம் உட்பட வாரம் 45 மணி நேரம் என்றும் வகுக்கிறது. ஆனால் அது குறைந்த அளவு! மேல் எல்லை யாது? அச்சட்டம் கூறவில்லை. நோயின் வேர் இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து.

ஆகவே மருந்தும் இருவகைப்படும். உழைப்புக்கு எல்லை வகுத்தலும் சம்பளத்தை உரிய நாளில் தருதலும் அரசு, நிர்வாகம் ஆகியவற்றின் கடமை. துன்பத்தை மறைக்காமல் உதவி நாடுதல் ஆசிரியரின் உரிமை. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவோர், மனத்துயருக்கு நாட நாணுவதேன்?

நண்பர்களே, ஆசிரியரைத் தெய்வம் என்று போற்றுவதோடு நில்லாதீர்கள். தெய்வத்துக்குக் களைப்பில்லை; மனிதருக்கு உண்டு. அவரை மனிதராக மதிப்போம். நாளை நாம் ஆசிரியரானால், நம் மதிப்பையும் நிலையான வேலையையும் கேட்டுப் பெறுவோம்!