வியாழனின் குரல்

விண்பொருள்கள் ஒளியை மட்டுமன்றி வானொலி அலைகளையும் வீசுகின்றன. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெர்னார்டு பர்க், கென்னத் பிராங்கிளின் என்னும் அறிஞர் இருவர், பரந்த வயலொன்றில் கம்பிகளைச் சிலுவை வடிவில் நாட்டி, ஏறத்தாழ 13.5 மீட்டர் நீளமுள்ள அலைகளை ஆராய்ந்து வந்தனர். சில இரவுகளில் மட்டும் பதிவுத்தாளில் ஒழுங்கற்ற கீறல்கள் தோன்றின. வழியே செல்லும் மோட்டார் வண்டியின் மின்பொறியால் விளைந்த இடையூறோ என முதலில் ஐயுற்றனர்.

விண்மீன்கள் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முந்தி உதிப்பவை. கீறல்களும் அவ்வாறே முந்தி வந்தன. மண்ணில் ஓடும் வண்டிக்கு அவ்வொழுங்கு ஏது? வானில் அவ்விடத்தை ஆராய்ந்தபோது, ஆங்கே வியாழன் நின்றது. விண்மீன்களிடையே அக்கோள் மெல்ல நகர, அலைகளின் பிறப்பிடமும் உடன் நகர்ந்தது, ஐயம் அகன்றது. இடையூறென ஒதுக்கியிருப்பின் அவ்வுண்மை அன்று மறைந்தே போயிருக்கும். சிறு கீறலையும் புறக்கணியாமையே ஆராய்ச்சியாளர்க்கு அழகு.