வேட்டை ஓய்ந்த நாய்

பாளையம்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காடுகளில் முயல் துரத்தப் பழகிய கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் மோப்பத்தினும் கண்ணையே பெரிதும் நம்புவன. முயல் வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விலக்கியது. அத்தொழில் விடுத்த நாய்க்கு வீடே புகலிடம். ஆயினும் வீடு புகுந்த மாத்திரத்தில் அதன் கண் மாறிவிடுமோ? ஓடும் கோழியும் அதற்கு முயலே. ஆதலின் அடித்துத் திருத்த முற்படாது, முதற் சில வாரங்கள் கயிற்றிற் பிடித்தே கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எதிரே அமர்த்திப் பழக்குவோமாக. தலை சிறுத்திருத்தலின் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதிற் கழன்றுவிடும். அகன்ற தோற்பட்டையே தக்கது. உடலிற் கொழுப்பு அருகியிருத்தலின் வெறுந்தரை உறுத்தும். பழஞ்சாக்கொன்றை மடித்திடல் வேண்டும். விலாவெலும்பு தெரிகின்றதென்று இரங்கி மிகுதியாய் ஊட்டுவாரும் நம்மிடையே உளர். அவ்வினத்தின் உடலமைப்பே அத்தன்மையது. கண்ணயர்ந்திருக்கையில் தொட்டெழுப்பலாகாது, பெயர் சொல்லி அழைத்து, அது விழித்தபின்னரே அணுகுதல் வேண்டும்.