முதுகுவலியும் ஒரு தொலைக்காட்சி விளம்பரமும்

முதுகுவலியுடன் வருவோர் பலர், "அசையாமல் படுத்தே இருந்தேன்" என்று எங்களிடம் கூறுகின்றனர். பெரும்பாலும் வீட்டார் அன்பினால் சொன்ன யோசனை அது. இந்த எண்ணத்தை மாற்றவே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997-இல் தொலைக்காட்சி விளம்பரங்கள் தொடங்கின: சாதாரண முதுகுவலிக்குப் படுக்கை வேண்டாம்; இயன்றவரை நடமாடுங்கள், வேலையைத் தொடருங்கள்.

விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்று எண்ணுவது எளிது. அதனால் யாரேனும் படுக்கையை விட்டு எழுந்தனரா என்பதே கேள்வி. விளம்பரத்திற்கு முன்னும் பின்னும் மக்களிடம் தொலைபேசியில் வினவினர். விளம்பரம் செய்யப்படாத அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸிலும் அவ்வாறே வினவினர். காலப்போக்கில் தானாக நேரும் மாற்றத்தைப் பிரித்தறிய இந்த ஒப்பீடு இன்றியமையாதது. விக்டோரியாவில் மக்களின் கருத்து மாறியது. நியூ சவுத் வேல்ஸில் மாறவில்லை. விக்டோரியாவில் முதுகுவலிக்காகத் தொழிலாளர்கள் கோரிய இழப்பீடுகளும் குறைந்தன.

பின்னர் நார்வேயில் நடந்த இத்தகைய முயற்சியில் கருத்து சற்றே மாறியது. நோய் விடுப்போ குறையவில்லை. அறிந்தும் எழத் தயங்குவோரை நாங்களும் நாள்தோறும் காண்கிறோம்.

கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அந்த விளம்பரத்தின் அறிவுரை பொருந்தாது; உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.