மழை மாதங்களில் பூனையின் ரோமம்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பெர்ஷியன் பூனை இருக்கிறது. பனிக்காலத்தில் பூனைக்கு ரோமம் அடர்ந்து வளரும், அதற்குத் தனிப் பராமரிப்பு வேண்டும் என்று லண்டனில் உள்ள என் மகள் சொல்கிறாள். இங்கே மழை தொடங்கியதிலிருந்து இதன் மேலே ஒரு வாடை வீசுகிறது. காதுக்குப் பின்னால் சடை விழுந்திருக்கிறது. முன்னங்காலில் வட்டமாக ஓரிடத்தில் ரோமம் கொட்டியிருக்கிறது. வாரந்தோறும் குளிப்பாட்டலாமா? மொட்டையடித்துவிடலாமா?
— ஒரு வாசகி, கெலுகோர்

பதில்: அம்மா, பூனையின் ரோமம் அடர்வதும் உதிர்வதும் குளிரால் மட்டுமே என்று பலரும் எண்ணுகிறார்கள், ஆனால் பகற்பொழுது நீள்வதையும் குறுகுவதையும் உணர்ந்தே அதன் தேகம் பெரும்பாலும் ரோமத்தை மாற்றிக்கொள்கிறது. லண்டனில் கோடையில் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல் டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் கீழே சுருங்கிவிட, பூமத்திய ரேகைக்கு வெகு அருகில் உள்ள பினாங்கிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேர வித்தியாசங்கூட இல்லாமையால், தங்கள் பூனைக்குப் பனிக்கால ரோமம் என்று தனியே ஒன்று முளைப்பதில்லை. வருஷம் முழுவதும் சிறிது சிறிதாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

தாங்கள் அஞ்சவேண்டியது ஈரத்துக்கு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நம் தீவில் மழை மிகுதி. 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த மழையையும், மறுநாள் வீடுகளுக்குள் நின்ற வெள்ளத்தையும் இவ்வூரார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாட்களில் பெர்ஷியன் பூனையின் அடி ரோமம் பஞ்சைப்போல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுமே என்று இருந்துவிடலாகாது. அதன் நாவிலுள்ள முட்கள் எச்சிலை ரோமத்தின் அடிவரை கொண்டுசெல்லும் விதத்தை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகிய இருவரும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டபோது, பெர்ஷியன் பூனையின் ரோமம் மட்டும் அந்த முட்களுக்கு எட்டாத நீளம் உடையதென்று கண்டார்கள். மனிதர் தம் ஆசைக்காக வளர்த்தெடுத்த ரோமம் அது. ஆகையால் அதைச் சீவிவிடும் கடமையும் மனிதருடையதே.

பற்கள் அகன்ற இரும்புச் சீப்பினால் தினந்தோறும் சீவுங்கள். மேலாகத் தடவினால் போதாது. ஒரு கையால் ரோமத்தை வகிடெடுத்தாற்போல் விலக்கி, தோல் கண்ணுக்குத் தெரியும் நிலையில், அங்கிருந்து நுனிவரை சீப்பை இழுக்கவேண்டும். காதின் பின்புறம், அக்குள், அடிவயிறு, பின்தொடை ஆகியவையே சடை விழும் இடங்கள். என் வீட்டில் இருந்த கிழப்பூனையை ஒரு மழைநாளில் துவட்டி, மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டதென்று நம்பி விட்டுவிட்டேன். மறுவாரம் அதன் அக்குளில் கம்பளித் துண்டைப்போல் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சடை இறுகிக் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது கீழே தோல் சிவந்து கசிந்திருந்தது இன்றும் என் மனத்தை வருத்துகிறது. சடையைக் கத்தரிக்கோலால் ஒருபோதும் வெட்டாதீர்கள். பூனையின் மெல்லிய தோல் சடையோடு சேர்ந்து மேலே எழும்பி வருமாதலால் அதையும் சேர்த்து வெட்டிவிடுவது மிக எளிது. விரலால் பிரியாத சடையைப் பழகிய கையொன்று மின்கத்தரியால் எடுத்துவிடும். அதற்காக உடல் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை.

வாரந்தோறும் குளியல் வேண்டாம். அவசியமானபோது, முதலில் சிக்கெடுத்த பிறகே நீர் ஊற்றவேண்டும். நனைந்த சிக்கு இறுகிவிடும். பூனைக்குரிய ஷாம்பூவைப் போட்டு நன்றாக அலசி, துண்டினால் ஒற்றியெடுத்து, ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வைத்து, தங்கள் கையை நடுவே பிடித்துச் சூடு பார்த்துக்கொண்டே ரோமத்தின் அடிவரை உலர்த்துங்கள்.

முன்னங்காலில் உள்ள அந்த வட்டமே எனக்குக் கவலை தருகிறது. அது படர்தாமரையாக இருக்கக்கூடும். பூனையிடமிருந்து மனிதருக்கும், விசேஷமாகக் குழந்தைகளுக்கும் தொற்றும் நோய் அது. அதன் வித்துக்கள் உதிர்ந்த ரோமத்தோடு வீட்டில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நமக்குரிய களிம்பைப் பூசினால் பூனை நக்கி விழுங்கிவிடும். தேயிலை மர எண்ணெயோ பூனைக்கு நஞ்சு. இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் ரோமத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்துச் சொல்லும்வரை, பூனை படுக்கும் துணியைத் தனியாகத் துவையுங்கள், சீப்பை வேறு பிராணிக்கு உபயோகிக்காதீர்கள், குழந்தைகள் அதை மடியில் வைத்துக் கொஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.