வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்டிடம் கட்டிய பணம்: திரும்பப் பெற செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நகையை அடகு வைத்து, போதாததற்கு வட்டிக்கும் வாங்கி ஏஜென்டிடம் கட்டிய பணம் அது. விசா வரவில்லை. கேட்டால் ‘அடுத்த வாரம்’ என்கிறார். இப்படிச் சிக்கிய பணத்தைச் சட்டப்படி மீட்க வழி உண்டு. ஆனால் நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு கொடுத்தோம், யாரிடம் கொடுத்தோம், எதற்காகக் கொடுத்தோம் என்ற மூன்றையும் காட்டியாக வேண்டும். அதற்கான வேலை பணம் கட்டும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியவை

1. உரிமத்தைச் சரிபாருங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பெயர், முகவரி, உரிம எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. கட்டண வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.35,400. அதற்கு மேல் வாங்குவது குற்றம். வாங்கிய தொகைக்கு ரசீதும் தர வேண்டும்.

3. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கூகுள் பே-யில் அனுப்பினால், குறிப்பு எழுதும் இடத்தில் ‘கத்தார் வெல்டர் வேலை, சேவைக் கட்டணம், முதல் தவணை’ என்று எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், ‘அது எனக்கு வர வேண்டிய பழைய கடன்’ என்று அவர் நீதிமன்றத்தில் சொல்ல இடம் கிடைத்துவிடும். ரசீதிலும் வெறும் தொகை போதாது. எந்த நாடு, என்ன வேலை, என்ன கட்டணம் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

4. கூடுதல் செலவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் அட்டஸ்டேஷன், போலீஸ் சான்று, நேர்காணலுக்குப் போய்வந்த பயணம் என ஒவ்வொன்றுக்கும் பில் இருந்தால்தான் அதையும் நஷ்டமாகக் கேட்க முடியும்.

5. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அந்தப் போனையும் விற்காதீர்கள். ‘மாசக் கடைசியில தந்துடறேன் தம்பி’ என்று அவர் அனுப்பிய குரல் பதிவும் சாட்சியம்தான். மின்னணு சாட்சியத்தை முன்வைக்கும்போது, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டப்படி அதற்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

6. வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஊரில் பணம் வாங்கியவர் சப்-ஏஜென்ட் என்றால், அவர், அவருக்கு மேலே உள்ள ஏஜென்ட் இரண்டு பேர் பெயருக்கும் போக வேண்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால், ‘அவரைக் கேளுங்கள்’ என்று மற்றவரைக் கை காட்டுவார்.

7. புகார் கொடுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் இ-மைக்ரேட் தளத்திலும் முறையிடலாம். உதவி எண் 1800 11 3090. ஏமாற்றும் எண்ணத்தோடே வாங்கியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் போலீஸிலும் புகார் தரலாம்.

8. நுகர்வோர் ஆணையத்தை நாடுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தராதது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது.

9. இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். எண் 15100.

செய்யக்கூடாதவை

1. பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது சட்டம். அதைப் பணயமாகப் பிடித்து வைக்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை. விசா வேலைக்காகக் கொடுத்தால், கொடுத்ததற்கு எழுத்து வாங்குங்கள்.

2. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாவுக்குக் கட்டிய பணத்தைக் ‘கைமாற்று’ என்று எழுதித் தரும் பத்திரத்தையும் ஏற்காதீர்கள். உண்மைக் காரணம் அதில் இருக்கட்டும். வழக்கில் சொல்வதும் பத்திரத்தில் உள்ளதும் முரண்பட்டால் லாபம் அவருக்குத்தான்.

3. அசல் ரசீதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்து, ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்று எழுதிக் கேட்பார்கள். வாங்கிய தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, பாக்கி எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுத வையுங்கள்.

4. காலக்கெடுவைத் தவற விடாதீர்கள். நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டுகள், சிவில் வழக்குக்கு 3 ஆண்டுகள். வாய்ப்பேச்சால் தந்த தவணை இந்தக் கெடுவை நீட்டாது. கெடு முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், சிவில் வழக்குக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாகக் கணக்கு தொடங்கும்.

5. செக் கிடைத்ததும் புகாரை வாபஸ் வாங்காதீர்கள். பணம் கணக்கில் ஏறட்டும். செக் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

6. போலீஸ் வழக்கு ஒன்றே பணத்தைக் கொண்டுவரும் என்று இருந்துவிடாதீர்கள். அது முக்கியமாகத் தண்டனைக்கான வழி. மீட்பதற்கு நுகர்வோர் வழக்கோ சிவில் வழக்கோ கூடவே நடக்கட்டும்.

7. ஆள் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வண்டியைப் பிடுங்குவதும் கட்டப்பஞ்சாயத்தும் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். அதன்பின் உங்கள் வழக்கைவிட அவர் கொடுத்த வழக்குதான் முன்னால் ஓடும்.

8. ‘கமிஷன் கொடுத்தால் வசூலித்துத் தருகிறேன்’ என்று வரும் இன்னொரு தரகரை நம்பாதீர்கள். ஏற்கெனவே இழந்தவரிடம் மறுபடியும் கறக்கும் வழி அது.

ஏமாந்ததை வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று குடும்பங்கள் வாயை மூடிக்கொள்வதைத்தான் இந்த ஏஜென்டுகள் நம்பியிருக்கிறார்கள். ஏமாற்றியவர் அவர், வெட்கப்பட வேண்டியவரும் அவரே. இன்றே தாள்களை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கிப் புகாரை எழுதுங்கள். அவரிடம் நாளைக்குப் பணம் கட்ட இருக்கும் இன்னொரு வீட்டையும் அது காப்பாற்றக்கூடும்.