நின்ற படிப்பைத் தொடரலாம்

காலபோகம் பிழைத்துப் போனால் நாம் வயலைக் கைவிடுவதில்லை. விதைநெல்லைக் காத்து அடுத்த மழையைப் பார்த்திருக்கிறோம். படிப்பு இடையில் நின்றால் மட்டும், "இனி எங்களுக்கு ஏன்?" என்று விட்டுவிடுகிறோம். 1995 ஒக்ரோபர் இடம்பெயர்விலும், 2009 வரை நடந்த வன்னிப் போரிலும் உயர்தரப் பரீட்சையை எழுத முடியாமற் போனவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கும் பல்கலைக்கழகக் கதவு முற்றாக மூடப்படவில்லை என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

வழிகள் மூன்று

முதலாவது, வழமையான அநுமதி. க.பொ.த. உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தி வேண்டும். கல்வி இலவசம், போட்டியோ கடுமை. மூன்று தடவைகளுக்குள் எழுதியவர்களையே தெரிவு செய்வர்.

இரண்டாவது, வெளிவாரிப் பட்டம். இதற்கும் உயர்தரச் சித்தி தேவை. எந்த வயதிலும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதலாம். பட்டப்படிப்பைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும்.

மூன்றாவது, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கிய இந்த அரச பல்கலைக்கழகம் நாவலவில் உள்ளது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் உண்டு. உயர்தரச் சித்தி இல்லாதவர்கள் அடிப்படைக் கற்கைநெறி ஒன்றை முடித்துப் பட்டப்படிப்புக்குச் செல்ல இங்கே இடமுண்டு. அச்சிட்ட பாடநூல்களை வீட்டில் படித்து, குறித்த நாட்களில் நிலையத்துக்குச் சென்றால் போதும். தோட்டத்தையும் பிள்ளைகளையும் விட்டுப் போக முடியாத ஒரு தாய்க்கு இதுவே பொருந்தும் வழி.

முதலில் கடதாசிகள்

இடம்பெயரும்போது பலர் பத்திரங்களை இழந்தோம். விண்ணப்பம் கோரும்வரை காத்திராமல் இப்போதே தேடத் தொடங்குவோம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பரீட்சைப் பெறுபேற்றைப் பத்தரமுல்லையிலுள்ள பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்தித் தரும். அதற்குப் பரீட்சை எழுதிய வருடமும் சுட்டெண்ணும் தேவை. சுட்டெண் மறந்திருந்தால், படித்த பாடசாலையின் அதிபரிடம் பழைய பதிவுகள் உண்டா என்று கேட்டுப் பார்ப்போம்.

கேட்டறிய வேண்டியவை

பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம். இக்கற்கைநெறி தமிழில் உண்டா? எல்லாம் தமிழில் நடப்பதில்லை. மொத்தக் கட்டணம் எவ்வளவு, தவணையாகச் செலுத்தலாமா? திறந்த பல்கலைக்கழகக் கல்வி இலவசமன்று. வகுப்பு நாட்கள் அறுவடையோடு மோதுமா? இடைக்கணிப்பீடுகளைத் தவறவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு அமர முடியாமற் போகலாம். நான்காவது, இப்பட்டத்தால் நாம் எதிர்பார்ப்பது என்ன? அரச நியமனங்களுக்கு வயதெல்லை உண்டு. உத்தியோகத்துக்காகப் படிப்பவர் வர்த்தமானியில் அந்த எல்லையை முதலில் பார்க்கட்டும். நகையை ஈடுவைத்துப் படித்தபின் இதை அறிவது பெருந்துயரம்.

உத்தியோகம் மட்டுமே கல்வியின் பயனன்று. காணிக் கடிதத்தைத் தானே வாசித்து விளங்கும் தாயின் பிள்ளை, படிப்பை இலகுவில் விடமாட்டாது.

கூடிக் கலந்துரையாடுவோம்

1. நமது முகாமில் அல்லது கிராமத்தில் படிப்பு இடைநின்றவர்கள் யார்?
2. அவர்களிடம் இல்லாத பத்திரங்கள் எவை? அவற்றைப் பெற யார் கூடச் செல்வார்?
3. ஒரு தாய் வகுப்புக்குப் போகும் நாளில் அவளது பிள்ளைகளை யார் பார்ப்பார்?